தொட்டிச் செடிக்கும் அளவு உண்டு

துவாக்குடித் தொழிற்பேட்டைக்கு அருகே நாம் நன்கு அறிந்த இல்லம் ஒன்று உண்டு. அங்கே தேவமாதாவின் சுரூபத்திற்குப் பக்கத்தில், தொட்டியில் மணி பிளாண்ட் ஒன்று படர்ந்திருந்தது. வெளியூருக்கு வேலைக்குப் போன மகள் வைத்துச் சென்ற செடி அது. இலைகள் சற்றே மஞ்சளானதும் தாயார் பதறிப்போய், வயலுக்கென வாங்கிய யூரியாவில் ஒரு கரண்டி இட்டார். இலை நுனிகள் கருகின. உரம் போதவில்லை என்றெண்ணி மீண்டும் இட்டார். நாம் சென்றபோது கொடியில் பாதி வாடியிருந்தது. அம்மையாரின் கண்கள் கலங்கியிருந்தன.

குறை அன்பில் அன்று, அளவில். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. பரந்த வயல் அதைத் தாங்கும். கையளவு மண் எவ்வாறு தாங்கும்? உப்பு மிகுந்த மண்ணிலிருந்து வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் வாடும்.

தொட்டியின் அடித்துளையைச் சரிபார்த்து, நல்ல நீரை மும்முறை ஊற்றி வடியவிட்டோம். மேலே படிந்த வெண்படலத்தைச் சுரண்டி அகற்றினோம். துளிர் காணும்வரை உரமே வேண்டாம் என்றோம். ஏழாம் வாரத்தில் துளிர் வந்தது.

இல்லத்தரசிகள் சிலவற்றை நினைவிற்கொள்க. வீட்டினுள் வளரும் செடிக்கு இரண்டு மாதத்திற்கொருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. நீரில் கரையும் 19:19:19 உரமாயின், லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை. காய்ந்த மண்ணில் உரமிடலாகாது. முதலில் நீர், பின்னரே உரம். அக்கினி நட்சத்திர வெயிலிலும், புதிதாகத் தொட்டி மாற்றிய சில வாரங்களிலும் உரத்தைத் தவிர்த்தல் நலம். மஞ்சள் இலை எப்போதும் பசியின் அடையாளமன்று. நீர் மிகுந்தாலும், வெளிச்சம் குறைந்தாலும் இலை மஞ்சளாகும்.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், கனி தராத அத்திமரத்திற்காகப் பரிந்து பேசும் தோட்டக்காரரை நாம் அறிவோம். அவர் சுற்றிலும் கொத்துவதாகவும், எருவிடுவதாகவும் சொல்லி, ஓராண்டுத் தவணை கேட்கிறார். எருவை மட்டும் அவர் நம்பவில்லை. மண்ணை இளக்குகிறார், காத்திருக்கிறார்.

நம் பிள்ளைகள் சோர்ந்து வாடும்போதும், புத்திமதியையும் தனிப்பாடத்தையும் கரண்டி கரண்டியாய்க் கொட்டுகிறோம் அல்லவா? வேர் எதனால் வாடுகிறது என்று முதலில் கேட்போம். பின்னர் சிறிது கொடுத்து, செபத்தோடு காத்திருப்போம்.