தோய்ச்சலும் துதிபாடலும்

எம்மிடையே உருக்கின் பெருமை பேசுவோர் பலர். தோய்ச்சலைப் பற்றிப் பேசுவோர் அரியர். தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் பண்டைய உருக்கு உலகப் புகழ் பெற்றதென மேடைதோறும் முழங்குகின்றோம். ஐரோப்பியர் வழங்கிய ‘ஊட்ஸ்’ என்னும் சொல் எதன் திரிபு என்பது குறித்து ஓயாது வாதிடுகின்றோம். ஆயின், உருக்கைக் கத்தியாக்கும் கொல்லர் உலையருகே என்ன செய்கின்றார் என வினவினால், ‘அது கைப்பழக்கம்’ என்று கூறி அப்பாற் செல்கின்றோம். அது வெறுங் கைப்பழக்கமன்று, அறிவு. அதனை அறிவென ஏற்கத் தயங்குவது கற்றோராகிய எமது குறையே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கத்தியின் தரத்தை உருக்கு மட்டும் நிர்ணயிப்பதில்லை. பட்டறைகளிற் பயன்படும் பழைய லொறி வில்லுத்தகட்டை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள காபன் ஏறத்தாழ 0.6 வீதம். ஒரே தகட்டிலிருந்து அடித்த இரு கத்திகளுள் ஒன்று பல காலம் கூர் மழுங்காது உழைக்கலாம். மற்றையது முதல் வெட்டிலேயே வாய் உடையலாம், அல்லது மடங்கலாம். இவ்வேறுபாடு சூடேற்றலிலும் குளிர்வித்தலிலுமே பிறக்கின்றது. தகட்டை ஏறத்தாழ 800 முதல் 850 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும்போது காபன் இரும்பினுட் கரைகின்றது. உடனே எண்ணெயில் தோய்த்தால், வெளியேற அவகாசம் பெறாத காபன் இரும்பின் பளிங்கமைப்பினுள் அகப்பட்டு அதனைத் திரிபுறச் செய்கின்றது. மாட்டென்சைற்று எனப்படும் இவ்வமைப்பு மிகக் கடினமானது; கண்ணாடிபோல் நொறுங்கவும் வல்லது. ஆகவே 200 முதல் 300 பாகை வரை மீண்டும் இளஞ்சூடு காட்டிக் கடினத்திற் சிறிது இழந்து உரத்தைப் பெறவேண்டும். தகட்டை வேண்டியதற்கு மேற் சூடேற்றினால் மணிகள் பருத்து அலகு வலுவிழக்கும். எண்ணெய்க்குரிய உருக்கை நீரில் தோய்த்தால் அது வெடிக்கக்கூடும்.

இவ்வளவையும் வெப்பமானியின்றிச் செய்யும் கொல்லரின் அளவுகோல் யாது? நிறமே. பட்டறை இருண்டிருப்பதை வறுமையின் கோலம் என எண்ணுவோர், நண்பகல் வெயிலிற் செந்தணலின் நிறம் மங்கித் தோன்றும் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. மங்கிய ஒளியிலேதான் சூட்டின் நிறத்தைச் சரியாக மதிப்பிடலாம். இரண்டாஞ் சூட்டில், தீட்டிய அலகின்மேல் வைக்கோல் மஞ்சள், கபிலம், ஊதா, நீலம் என நிறங்கள் முறையே படர்கின்றன. இவை மேற்பரப்பிற் படியும் ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பு மாறுவதால் விளையும் ஒளியியல் நிகழ்வுகள். பௌதிக வகுப்பில் நாம் மெல்லிய படலத்தின் குறுக்கீடு எனக் கற்பதையே கொல்லர் தமது தொழிலுக்கு அளவையாகக் கொண்டுள்ளார்.

அளவீடும் எழுத்தும் இல்லாத ஒன்றை விஞ்ஞானம் எனலாமோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எழுத்தில் உள்ளதெல்லாம் விஞ்ஞானமுமன்று. 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துறவி தியோபிலஸ், கருவிகளைத் தோய்க்கச் செம்முடிச் சிறுவனின் சிறுநீரை எழுத்திலேதான் விதந்துரைத்தார். மறுபுறத்தில், கொல்லரொருவரின் மகனான மைக்கல் பரடே, ஊட்ஸ் உருக்கை ஆராய்ந்தபோது, ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்னும் கத்தித் தொழிலாளரோடு சேர்ந்தே உழைத்தார். 1820இலும் 1822இலும் வெளிவந்த உருக்குக் கலப்புலோகக் கட்டுரைகளில் இருவர் பெயரும் உள்ளன. அவ்வுருக்கின் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் எனப் பரடே 1819இற் கருதியது பின்னர் பிழையாயிற்று. எனினும், தொழிலாளரைத் தகவல் தருபவராக அன்றி ஆய்வில் உடனுழைப்பவராகக் கொண்ட அவரது முறை பிழையாகவில்லை.

பழம்பெருமை பேசுவோரின் குறை வேறு வகையானது. பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றின் விசையால் இயங்கிய இரும்புருக்கு உலைகளை ஜில் ஜூலெவ் அகழ்ந்தாராய்ந்து 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அவர் வெறும் புகழுரையோடு அமையவில்லை. உலையை மீளக் கட்டி, காற்றுக் காலத்தில் எரித்துச் சோதித்தார். நாமோ அச்செய்தியைப் பெருமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டு, வாழும் பட்டறையைக் கடந்து செல்கின்றோம். பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் கொல்லரின் கடனைத் தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடன்களோடு ஒருங்கு வைத்தது. அப்பாடலை மனனஞ் செய்த சமூகமே கொல்லரைச் சாதிப் படிநிலையிற் கீழிறக்கியது. இம்முரண்பாட்டை மறைக்கப் பழம்புகழ் நல்ல திரையாகின்றது.

பட்டறையின் அறிவும் குறையற்றதன்று. அது குடும்பத்தினுள் அடங்கிக் கிடக்கின்றது. மகன் வேறு தொழில் நாடினால் தந்தையோடு மறைகின்றது. பழைய இரும்பு விற்பவர் கொணரும் தகட்டில் காபன் எவ்வளவு என்பதைக் கண் அறியாது. கட்டடக் கம்பி போன்ற மெல்லுருக்கை எத்துணை தோய்த்தாலும் அது வேண்டிய கடினம் பெறாது. இத்தகைய பிழையின் விலையைக் கொடுப்பவர் மேடைப் பேச்சாளரல்லர். பனையின் உச்சியில் நின்று பாளை சீவும் தொழிலாளியே. அங்கு அலகு உடைவது அன்றைய கூலியையும் கெடுக்கும், உயிரையும் கெடுக்கக்கூடும்.

ஆகவே, புகழுரையை நிறுத்திவிட்டுச் செய்யத்தக்கவை சில உள. தமிழ் பயில்வோர் தோய்ச்சல், துருத்தி, உலைமுகம் முதலிய தொழிற்சொற்களைப் பொருள் விளக்கத்தோடு பட்டறைகளிற் கேட்டுத் தொகுக்கட்டும். பொறியியல் பயில்வோர் வெப்பமானியையும் கடினமானியையும் அங்கு கொண்டுசென்று, கொல்லர் ‘போதும்’ எனக் கூறும் கணத்தின் வெப்பநிலையைக் குறிக்கட்டும். காந்தத்தின் பயனையும் அங்கு எடுத்துரைக்கலாம்: உள்ளமைப்பு மாறும் வெப்பநிலையை அண்மிக்கையில் உருக்கு காந்தத்துக்கு இழுபடும் இயல்பை இழக்கின்றது. சில ரூபாய்க் காந்தமொன்று கண்ணின் கணிப்புக்கு நல்ல துணையாகும். இவ்வாறு எழுதப்படும் கட்டுரையின் தலைப்பின்கீழ் அக்கொல்லரின் பெயரும் ஆசிரியர் பெயராக இடம்பெறவேண்டும். அதற்கு உடன்படாத ஆய்வாளர் பட்டறைப் படியை மிதிக்காதிருப்பதே நன்று.