மாத்திரை உண்டு, சோறு எங்கே?

முட்டைக்கு முகவரி நாமக்கல்! மூட்டை மூட்டையாய்ச் சவ்வரிசி அனுப்புவது சேலம்! ஊருக்கெல்லாம் உணவனுப்பும் இந்த உழைப்புப் பூமியிலே, தறியோட்டித் தேய்ந்த தோழன், சுமை தூக்கி ஓய்ந்த தோழன், காசநோயால் கட்டிலில் கிடக்கிறான், விலா எலும்பை எண்ணலாம் என்னும்படி! வேதனையல்லவா இது?

மருந்து கொடுக்கிறோமே என்பர். உண்மை, இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் எண்ணெய் வற்றிய விளக்கிலே திரியை மட்டும் தூண்டினால் சுடர் நிற்குமா? மருந்து தொடங்கிய முதல் இரண்டு திங்களுக்குள்ளேயே மாண்டவர் பலர்.

இதை உணர்ந்துதான் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. எடை என்ன, மூச்சு எப்படி, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, மிக நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. 160 செ.மீ. உயரமுள்ளவர் 35 கிலோவுக்கு இளைத்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பலாகாது. படுக்கை வேண்டும், பக்குவமான ஊட்டமும் வேண்டும். பட்டினியில் வற்றிய உடலுக்கு ஒரேயடியாக அள்ளி ஊட்டினால், இரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள் சரிந்து இதயமே நின்றுவிடக்கூடும். சிறுகச் சிறுகத்தான் கூட்டவேண்டும். சோறும் மருந்துதான், அதற்கும் அளவுண்டு!

ஜார்க்கண்டில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இரண்டு திங்களில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகளிடம் சாவின் வாய்ப்பு 61 விழுக்காடு குறைவு! குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் தந்த வீடுகளில், மற்றவருக்கு நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது.

இங்கே நிலை என்ன? நோயாளியின் ஊட்டத்துக்கென ஒன்றிய அரசு 2018இல் திங்களுக்கு 500 ரூபாய் தரத் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000. நாளுக்கு 33 ரூபாய்! படுத்தவனுக்குக் கூலி இல்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்ததும், பாதி மருத்துவத்திலே கட்டிலை விட்டெழுந்து தறிக்கு ஓடுகிறானே, அவனைக் குற்றம் சொல்ல நமக்கு நாவெழுமா?

ஆகவே கேட்கிறோம்: கட்டிலில் கிடப்பவனுக்கு ஊட்டம் தருவதோடு, அவன் குடும்பத்துக்கும் அரிசி, பருப்பு, முட்டை தருக! அவன் எழுந்து நடக்கும்வரை தருக!

தோழர்களே! உங்கள் தெருவில் இருமி இளைத்தவரைக் கண்டால் ஒதுங்காதீர்! அரசு மருத்துவமனைக்குக் கைத்தாங்கலாய் அழைத்துச் செல்லுங்கள். "எடை பார்த்தீர்களா? என்ன உணவு கொடுக்கிறீர்கள்?" என்று பணிவோடு, ஆனால் விடாமல், கேளுங்கள். பிச்சை அல்ல அது, உழைத்தவனின் உரிமை!