மடியிலுள்ள சிறு கத்தி

வாலிபத்தில் வெட்டரிவாளின் கனத்தையே பெரிதாக எண்ணுவது குடியானவர் இயல்பு. மடக்குக் கத்தியின் அருமை வயது ஏறிய பின்னரே பலருக்கு விளங்குகிறது. மரக்காணம் உப்பளக் கரையிலும் இதுவே நிலை. உப்புச் சாக்கின் தையலை அறுக்கவும், சவுக்குக் கன்றுக்கட்டின் கயிற்றை நறுக்கவும், ஒட்டுக் கிளையைச் சீவவும், காலில் தைத்த முள்ளை எடுக்கவும் அரிவாள் உதவாது.

இக்கருவி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. ஏடெழுதியோர் கையாண்ட மடக்கெழுத்தாணியில் ஒரு புறம் எழுத்தாணியும் மறு புறம் ஓலை வாரும் கத்தியும் அமைந்து, இரண்டும் பிடிக்குள் மடங்கின.

சமுத்திரக் காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்பை விரைவில் அரிக்கும். ஆதலின் துருவேறாத எஃகுக் கத்தியே போதுமென இளைஞர் கூறுவர். ஆயினும் மலிவான அவ்வகைக் கத்திகள் பல விரைவில் மழுங்குகின்றன. கரி எஃகோ சாணைக்கல்லில் எளிதிற் கூர்மை பெறும். மழுங்கிய கத்தி கிளையின் பட்டையைக் கிழித்து நோய்க்கு வழி திறக்கும். மிகுதியாக அழுத்த நேர்வதால் வழுக்கிக் கையையும் வெட்டும்.

ஆகையால், வேலை முடிந்ததும் கத்தியை நன்னீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கீலில் ஒரு துளி எண்ணெய் விடும் முதியோர் வழக்கத்தை இளைஞர் இப்போதே கைக்கொள்வது நலம். கண் மங்கிய பின் கற்கும் பாடத்தைக் கண் தெளிவாயுள்ளபோதே கற்றால், கத்தியும் நிலைக்கும், கன்றும் பிழைக்கும்.