குட்டிப் படகுக்குப் பெயர் எதற்கு?

பாய்மரக் கலங்களில் உல்லாசமாக உலகைச் சுற்றிவரும் மேலைநாட்டாரிடையே ஒரு வழக்கு நெடுங்காலமாகத் தீர்ப்பின்றி நடந்து வருகிறது. நங்கூரமிட்டு நிற்கும் கலத்திற்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் உணவுப் பொருளையும் குடிநீரையும் ஏற்றிச் செல்வதற்கென ஒவ்வொரு கலமும் ஒரு குட்டிப் படகை உடன் கொண்டு செல்கிறது. அக்குட்டிப் படகின்மேல் தாய்க்கலத்தின் பெயரை எழுதலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு. பத்தடிப் படகொன்றில் சில எழுத்துகளை எழுதுவதற்கு இத்துணை வாதமா என்று நகைப்போர் நகைக்கலாம். ஆயினும், மனித உயிர்கள் அச்சில எழுத்துகளை நம்பி நிற்கும் வேளையும் உண்டு. அவ்வேளையை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர், எழுதவே வேண்டும் என்னும் முடிவுக்கு வராமல் இரார்.

குட்டிப் படகை ஆங்கிலேயர் ‘டிங்கி’ என்பர். தமிழரின் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆனதுபோல், இந்தி, வங்க மொழிகளின் வழியே ஆங்கிலம் புகுந்த சொல் இது. 1895 முதல் 1898 வரை தனியொருவராகக் கலம் செலுத்தி உலகை வலம்வந்த ஜோஷுவா ஸ்லோகம், பழைய மீன்படகு ஒன்றை இரண்டாக அறுத்து, அறுத்த வாயைப் பலகையால் அடைத்து, அந்த அரைப் படகையே தம் ‘ஸ்பிரே’ என்னும் கலத்திற்கு டிங்கியாக்கிக் கொண்டார். துணி துவைக்கும் தொட்டியாகவும் அதுவே அவருக்குப் பயன்பட்டது. அத்தகைய படகைத் திருட எவரும் முன்வரார். இன்றைய டிங்கியோ காற்றடைத்த விலையுயர்ந்த படகு. அதன் பின்புறத்தில் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார் அதனினும் விலையுயர்ந்தது. ஆகவே திருடர் பெருகினர். திருட்டைப் பற்றிய அச்சமும் பெருகிற்று. பெயர் வேண்டாம் என்போரின் வாதம் அவ்வச்சத்திலிருந்தே பிறக்கிறது.

அவர்தம் வாதம் வருமாறு: படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் டிங்கியில் தாய்க்கலத்தின் பெயர் இருந்தால், அக்கலத்தார் கரையேறிவிட்டனர் என்பதைத் திருடன் படித்தறிவான். கைத்தொலைபேசியிலேயே கலங்களின் இருப்பிடத்தைத் தேடிக் காணும் காலம் இது. அவன் நேரே சென்று ஆளில்லாக் கலத்தில் புகுந்து சூறையாடுவான். எனவே பெயரெழுதுவது வீட்டு வாயிலில் ‘யாரும் இல்லை’ என்று பலகை மாட்டுவதற்கு ஒப்பாகும்.

இவ்வாதத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கரிபியத் தீவுகள் சிலவற்றில் டிங்கித் திருட்டும் கலம் புகுந்து கொள்ளையிடுதலும் நிகழ்வதை அங்குச் செல்லும் கடலோடிகள் அனைவரும் அறிவர். ஆனால், ஆளில்லாக் கலத்தை அறியத் திருடனுக்கு எழுத்தறிவு வேண்டுமா? நங்கூரத்தில் நிற்கும் கலத்தின் பின்னே டிங்கி இல்லை, உள்ளே விளக்கில்லை, மேல்தளத்தில் ஆளரவம் இல்லை என்றால், அதுவே அவனுக்குப் போதிய செய்தி. அவன் கண் வைப்பது கலத்தின் மேலேதான். தாய்க்கலத்தின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் பெயரைப் பொறித்து உலகறியக் காட்டிவிட்டு, டிங்கியில் மட்டும் அதை மறைப்பதால் அடையும் காப்பு மிகச் சிறிது. திருட்டைத் தடுப்பன வேறு உள. இரவில் டிங்கியை நீரிலிருந்து தூக்கிக் கட்டுதல், கரையில் சங்கிலியிட்டுப் பூட்டுதல், கலத்தின் கதவுகளைத் தாழிடுதல் ஆகியவையே அவை. இவற்றைச் செய்யச் சோம்பியவர் பெயரை அழித்துவிட்டு நிம்மதி கொள்வது, கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றி வைப்பது போன்றதே.

‘எழுதினாலும் திருடன் சுரண்டிவிடுவானே’ என்பது அடுத்த வாதம். சுரண்டட்டும். சுரண்டிய தழும்பே சான்று பேசும். பெயர் பொறித்த படகை விற்க முயல்பவன் விளக்கம் சொல்லியாக வேண்டும். பெயரில்லாப் படகை விற்பவனுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. அடையாளமற்ற படகு, மீட்டெடுத்த காவலர்க்கும் உரியவர் யாரெனத் தெரியாப் பொருளாகவே கிடக்கும்.

‘பெயர் வேண்டாம், பதிவெண் போதும்’ என்று நடுவழி காண்போரும் உளர். பிரிட்டனில் 1983-இல் தொடங்கிய சிறுகலப் பதிவேடு ஒவ்வொரு கலத்திற்கும் ஓர் எண்ணை வழங்குகிறது. திருடனுக்கு விளங்காத அவ்வெண் அதிகாரிகளுக்கு விளங்கும் என்பது அவர்தம் கருத்து. நல்ல கருத்தே, பெயருடன் எண்ணையும் எழுதினால் கேடில்லை. ஆனால், விடியற்காலையில் வெற்றுப் படகொன்றைக் கண்டெடுக்கும் மீனவருக்கு அவ்வெண்ணால் என்ன பயன்? எண்ணுக்கு உரியவரை ஏட்டில் தேடிய பின்னரே அழைக்க முடியும். பெயரையோ கண்ட நொடியிலேயே வானொலியில் கூவி அழைக்கலாம்.

இங்கேதான் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. கட்டுக்கயிற்றின் முடிச்சு நெகிழ்வதும், காற்றும் நீரோட்டமும் டிங்கியை இழுத்துச் செல்வதும் கடலில் அன்றாட நிகழ்ச்சி. மறுநாள் காலை யாரோ ஒருவர் நடுக்கடலில் ஆளின்றி மிதக்கும் அப்படகைக் காண்கிறார். அதில் துடுப்பு கிடக்கிறது. ஒரு செருப்பும் கிடக்கக்கூடும். முடிச்சு அவிழ்ந்து வந்த படகா, ஆள் தவறி விழுந்தபின் அலையும் படகா? படகைப் பார்த்து இதைச் சொல்ல எவராலும் இயலாது. அதில் பெயர் இருப்பின், கடலோரக் காவலர் 16-ஆம் அலைவரிசையில் அக்கலத்தை அழைப்பர். ‘எல்லாரும் நலம், படகுதான் போயிற்று’ என்று மறுமொழி வந்தால் சில நிமிடங்களில் செய்தி முடிந்தது. மறுமொழி வராவிட்டாலோ, எக்கலத்தார், எங்கிருந்து, எத்தனை பேர் என்று விசாரிக்க ஒரு நூலிழையேனும் கிடைத்துவிடும். பெயர் இல்லையேல், ஆள் விழுந்ததாகவே கொண்டு தேட வேண்டும். மீட்புப் படகு புறப்படும்; ஹெலிகாப்டர் எழும்; மணிக்கணக்கில் கடலைத் துழாவுவர். டிங்கியின் உரிமையாளரோ அப்போது கலத்தில் உறங்கிக்கொண்டிருப்பார்.

தேடச் செல்வோர் யார்? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அப்பணியை ஆற்றுவது, 1824-இல் தோன்றிய அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம். நன்கொடையால் இயங்கும் அந்நிறுவனத்தின் படகோட்டிகளில் மிகப் பெரும்பாலோர் தொண்டர்கள். தம் தொழிலையும் உறக்கத்தையும் விட்டு அழைப்புக்கு ஓடிவருவோர். 1981 டிசம்பர் 19 அன்று கார்ன்வால் கடற்கரையில், பொறி பழுதுற்றுத் தத்தளித்த ‘யூனியன் ஸ்டார்’ கப்பலைக் காக்கச் சென்ற ‘சாலமன் பிரவுன்’ என்னும் உயிர்காப்புப் படகு, தன் தொண்டர் எண்மருடனும் கடலுக்கு இரையாயிற்று. கப்பலில் இருந்த எண்மரும் மாண்டனர். அது மெய்யான ஆபத்திற்குச் சென்ற பயணம். அத்தகையோரைப் பொய்யான ஆபத்திற்காகவும் கடலில் இறங்கச் செய்வது அறமாகுமா? அவர்கள் வீண் தேடலில் இருக்கும் அதே வேளையில் வேறோரிடத்தில் ஒருவர் மெய்யாகவே மூழ்கிக்கொண்டிருந்தால், அவ்வுயிருக்கு யார் பொறுப்பு? அந்நிறுவனம் சிறுகலங்களில் தொடர்பு எண்ணை எழுதிவைக்குமாறு மக்களை வேண்டிக்கொள்வது இதனாலேயே. அமெரிக்கக் கடலோரக் காவல் துணைப்படையினர் ‘கண்டெடுத்தால்’ எனத் தொடங்கும் ஒட்டுத்தாள்களைச் சிறுபடகு வைத்திருப்போர்க்கு வழங்குவதன் நோக்கமும் இதுவே.

பெருங்கப்பல்களுக்கு இதில் ஐயமே எழுவதில்லை. கப்பலின் ஒவ்வோர் உயிர்காப்புப் படகும் தன் முகப்பின் இருபக்கமும் கப்பலின் பெயரையும் பதிவுத் துறைமுகத்தையும் தாங்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. மிதவை வளையத்திற்கும் இதே விதிதான். காப்புறுதியாளரும் இதையே கேட்கின்றனர். லண்டன் காப்புறுதியாளர் கழகம் 1985 நவம்பர் 1 எனத் தேதியிட்டு வகுத்த உல்லாசக்கல விதிகளில், தாய்க்கலத்தின் பெயர் நிலையாகப் பொறிக்கப்படாத படகிற்கு இழப்பீடு கிடையாது என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது. திருட்டுக்கு அஞ்சிப் பெயரை விலக்குவோர், அத்தகைய விதியுள்ள காப்புறுதியை எடுத்திருப்பின், திருட்டு நிகழ்ந்தபின் வெறுங்கையோடு நிற்க நேரும். எதற்கு அஞ்சினார்களோ அதனிடமே சென்று சேர்கின்றனர்.

எழுதுவதிலும் முறை உண்டு. டிங்கிக்கென வேடிக்கைப் பெயர் ஒன்றைச் சூட்டி, அதை மட்டும் எழுதி மகிழ்வோர் சிலர். அப்பெயரால் தாய்க்கலத்தைக் கண்டறிய முடியாது. ‘இன்ன கலத்தின் ஏவற்படகு’ எனப் பொருள்படும் ‘டி/டி’ என்னும் சுருக்கத்தை முன்னிட்டுத் தாய்க்கலத்தின் பெயரை எழுதுவதே வழக்கம். காற்றடைத்த படகின் உறையில் சாதாரணச் சாயம் நிலைக்காது, உரிந்துவிடும். அவ்வுறைக்கென உள்ள சாயத்தால் எழுத வேண்டும். பின்பலகையில் செதுக்குவது அதனினும் நன்று. கைத்தொலைபேசி எண்ணையும் சேர்த்தல் வேண்டும். கண்ணில் படாத ஓரிடத்தில் அதே அடையாளத்தை மீண்டும் இட்டுவைத்தால், சுரண்டும் திருடனையும் அது காட்டிக்கொடுக்கும்.

இவ்வழக்கு மேலைக் கடல்களோடு முடிந்துவிடுவதன்று. லங்காவியிலும் பினாங்கிலும் அத்தகைய கலங்கள் வந்து நங்கூரமிடுகின்றன. அவிழ்ந்த டிங்கியை அங்குக் காணப்போகிறவர் இந்நாட்டு மீனவராகவும் இருக்கலாம். அவருடைய படகு தன் பதிவெண்ணைப் பக்கத்தில் தாங்கியே கடலுக்குச் செல்கிறது. உல்லாசத்திற்கு வந்தவரின் படகு மட்டும் முகவரியின்றி மிதக்கலாமா?

முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளையின் பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் பெயர் எழுதச் சொல்லாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இலர். ‘எழுதினால் திருடன் படிப்பானே’ என்று எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை. பெயர் எழுதுவது, பொருளைக் கண்டெடுக்கப்போகும் நல்லவர் ஒருவரை நம்பி. திருடன் ஒருவனை எண்ணி அந்த நல்லவரின் கையைக் கட்டிப்போடுவது அறிவுடைமை ஆகாது. குட்டிப் படகில் பெயரை எழுதுக. பெரிதாக, தெளிவாக, அழியாமல் எழுதுக. அதைப் படிப்பவர் ஓர் உயிரைத் தேடிக் கடலில் நிற்பவராக இருக்கக்கூடும்.