பீடிக்கு உண்டு, நைட்டிக்கு இல்லை

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் துண்டும் டிராயரும் டி-சர்ட்டும் விற்கிற வேகமே தனி. பேரருவிக்குப் போகிற வழியில் கயிற்றில் தொங்குகிற டி-சர்ட்டைச் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டாலும் தந்துவிடுகிறார்கள். பஞ்சு, நூல், பின்னல், சாயம், தையல், லாரி, சீசன் கடை வாடகை எல்லாம் போக அதிலும் கடைக்காரருக்கு நாலு காசு நிற்கிறது. பஞ்சு வியாபாரியிடம் ஓரளவுக்குத்தான் பேரம் பேசலாம், மின்வாரியத்திடம் பேசவே முடியாது. தைக்கிறவரிடம் பேசலாம்.

ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகளிடம் சம்பளம் கேட்டால் ஷிப்ட் கணக்கில்தான் சொல்வார்கள். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. அந்த இரட்டிப்பை இந்த ‘அரை’ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. குறைந்தபட்சக் கூலியை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்பதும் சட்டம். தையல் தொழிலுக்கு 2004-இல் வைத்த கூலியை அரசு உயர்த்தியது 2014 டிசம்பரில். முதலாளிகள் வழக்குப் போட, உயர்வு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னது.

மூன்று வருஷம் மில் விடுதியில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று தென்மாவட்டப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போன சுமங்கலித் திட்டத்தைப் பற்றிப் பலர் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது வீட்டுக்குள் ஓடுகிற மெஷினைப் பற்றி.

எனக்கு மதினி முறையாகிற ஒருவர் சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். அவர் மருமகள் நைட்டி தைக்கிறாள். இருவருக்கும் வீடுதான் பட்டறை, இருவருக்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆனால் மாமியாரிடம் கம்பெனி கொடுத்த புத்தகம் இருக்கிறது. வாங்கிய இலை, தூள், கொடுத்த பீடி எல்லாம் அதில் ஏறும். பி.எஃப். உண்டு. மருமகளுக்கு வருவது வெட்டிய துணிக் கட்டு மட்டும். நூலும் கரண்டும் அவள் செலவு, ஊசி ஒடிந்தால் அதுவும் அவள் செலவு. தையல் கோணினால் காசு பிடிப்பு.

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது 1966-இல். முதலாளியோ கான்ட்ராக்டரோ கொடுத்த சரக்கை வீட்டில் வைத்துச் சுற்றினாலும் அவர் தொழிலாளிதான் என்று அது எழுதிவைத்தது. வீட்டில் சுற்றுகிறவருக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பீடித் தொழிலை நான் புகழ வரவில்லை. கூலி சொற்பம், தூள் நெஞ்சைக் கெடுக்கும், கடையில் கழித்துப்போடுகிற பீடிக்குக் கூலி கிடையாது. அந்த 1966 சட்டத்தையும் 2020-இல் ஒரு பெரிய சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். ஆனாலும் கேட்பதற்கு ஒரு முதலாளி இருந்தான். “யாரு தூக்கிக் குடுத்தா தம்பி? சங்கம் வச்சு, ரோட்டுல உக்காந்துலா வாங்குனோம்” என்கிறார் மதினி.

மருமகள் எங்கே போய் உட்காருவாள்? கட்டு கொண்டுவருகிறவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். நைட்டி எந்தக் கடைக்குப் போகிறதென்றே அவளுக்குத் தெரியாது. புதியம்புத்தூர் மாதிரி ரெடிமேட் ஊராக இருந்தால் தைக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தாவது பேசிக்கொள்ளலாம். கொடுத்த பீஸை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒருமுறை ஏஜென்ட்டைக் கேட்டிருக்கிறாள். “கையெழுத்துப் போட்டா நாம்லா மொதலாளி ஆயிருவேன்” என்று சிரித்தாராம். 1966 சட்டத்தின் சூட்சுமத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த வக்கீலும் எனக்குச் சொன்னதில்லை.

வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களையும் மற்றத் தொழிலாளர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. இங்கே தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பதிந்துகொண்டால் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவித்தொகை கிடைக்கும். அதைக் குறை சொல்லமாட்டேன், பதியாதவர்கள் உடனே பதியுங்கள். ஆனால் அந்த உதவி அரசு தருவது. போன மாதம் தைத்துக் கொடுத்த கட்டுக்கு நின்றுபோன கூலியை யாரிடம் கேட்பது என்று வாரிய அட்டை சொல்லாது.