சிறுத்தைக்காக மட்டும் யால போகாதீர்கள்

ஆசிரியருக்கு,

விடுமுறைப் பயணங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, யால தேசிய பூங்காவை ‘சிறுத்தை பார்க்கலாம்’ என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த ஒரு ஆசைதான் அங்கே பெரிய தொல்லை. 979 சதுர கிலோமீற்றர் காட்டில் பெரும்பாலான ஜீப்புகள் நுழைவது முதலாம் வலயத்துக்குள் மட்டுமே. சிறுத்தை தென்பட்டதாக ஒரு சாரதிக்குத் தொலைபேசி வந்தால் போதும், எல்லா ஜீப்பும் புழுதி கிளப்பிக்கொண்டு அங்கே ஓடும். பாதையைக் கடக்க வந்த விலங்கு வழியில்லாமல் திரும்பிப் போகும். இதைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

திஸ்ஸமகாராமையில் ஜீப் பேசும்போதே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்: வேகம் வேண்டாம், சிறுத்தை காட்டாவிட்டாலும் பேசிய கூலி குறையாது. அவர்களை ஓடவைப்பது நம் அவசரமும் நாம் நீட்டும் மேலதிகக் காசும்தான். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் பாலை மரங்களைப் பார்த்து வரட்டும். பழம் தின்னக் கரடி வரும் காலம் அது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் குமண தேசிய பூங்கா இருக்கிறது. பொத்துவில், பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலடிக்குப் போனால் பூங்கா வாசல். நீர்ப்பறவைகளுக்கு அதைவிட நல்ல இடம் நான் கண்டதில்லை.

வறட்சி காரணமாக யாலவின் முதலாம் வலயத்தைச் செப்டம்பரில் மூடுவது வழக்கம். விடுதிக்குப் பணம் கட்டுமுன் விசாரித்துக்கொள்ளும்படி அடுத்த இதழில் குறிப்பிடுங்கள்.

ஒரு வாசகர்,
மட்டக்களப்பு