தனுஷ்கோடிக்கு ரெயில் எதற்கு? முதலில் சாயல்குடிக்கு விடுங்கள்!

தனுஷ்கோடிக்கு மறுபடியும் ரெயில் வருமா, வராதா?

ராமேசுவரம் பஸ் நிலையத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். "வரும்ங்க. அடிக்கல் நாட்டியாச்சே" என்பார் ஒருவர். "அட, அது எப்பவோ போச்சு" என்பார் இன்னொருவர். "வந்தா நல்லது, லாட்ஜுக்கு ஆள் வரும்" என்பார் மூன்றாமவர். "வந்தா என் வேன் பொழப்பு என்ன ஆகும்?" என்பார் நாலாமவர்.

அடிக்கல் நாட்டியது உண்மை. 2019 மார்ச் 1-ந் தேதி கன்னியாகுமரியில் நடந்த விழாவில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ராமேசுவரத்தில் இருந்து தனுஷ்கோடிக்கு சுமார் 17 கி.மீ. பாதை. மதிப்பீடு ரூ.208 கோடி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை.

காதில் விழுந்தது வேறு!

2025 ஜனவரியில் ரெயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் சென்னை பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலைக்கு வந்தார். நிருபர்கள் கேள்வி கேட்டார்கள். "தமிழக அரசு வேண்டாம் என்றது, அதனால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டோம்" என்ற பொருளில் மந்திரி பதில் சொன்னார்.

எந்தத் திட்டம்? மதுரை-தூத்துக்குடி புதிய பாதை என்று செய்தி பரவியது. தென் மாவட்டமே கொதித்தது. "நாங்கள் எப்போது வேண்டாம் என்றோம்?" என்று தமிழக மந்திரி மறுத்தார். பிறகு ரெயில்வேயிடம் இருந்து விளக்கம் வந்தது. தொழிற்சாலை இரைச்சலில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லையாம். மந்திரி சொன்னது தூத்துக்குடி பற்றி அல்லவாம். தனுஷ்கோடி பற்றியாம்!

தூத்துக்குடிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். சரி, தனுஷ்கோடி கதி? ஆறு வருடத்துக்கு முன் மேளதாளத்தோடு அடிக்கல் நாட்டிய ஒரு திட்டம் கைவிடப்பட்ட சேதி, இரைச்சலுக்கு நடுவே, வேறு ஒரு ஊர் பெயரோடு கலந்து ஜனங்களுக்கு வந்து சேர்ந்தது. இதுதானா முறை?

வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ராமேசுவரத்துக்கே வந்து சொல்ல வேண்டும்.

அன்று கப்பல் இருந்தது

ரெயில் வேண்டும் என்பவர்கள் பழைய பெருமையைச் சொல்கிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ரெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கலாம். அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே இன்னொரு ரெயில். ஏறினால் கொழும்பு. இதற்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் போட் மெயில். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனமும் போனார்கள், வியாபாரிகளும் போனார்கள், துரைமார்களும் போனார்கள்.

தனுஷ்கோடியில் சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஏன் இருந்தன? கப்பல் இருந்ததால் ரெயில் இருந்தது. ரெயில் இருந்ததால் ஊர் இருந்தது. இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது.

1964 டிசம்பர் 22-ந் தேதி ராத்திரி வந்தது புயல். பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரெயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. விடிந்து பார்த்தால் ஊரும் இல்லை, தண்டவாளமும் இல்லை.

பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் அடித்துக்கொண்டு போய்விட்டன. அப்போது இளம் என்ஜினீயராக இருந்த ஈ.ஸ்ரீதரன் தலைமையில் வேலை நடந்தது. 46 நாளில் பாலம் சரியானது! பிற்காலத்தில் கொங்கண் ரெயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டினாரே, அதே ஸ்ரீதரன்தான்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாலத்தை 46 நாளில் தூக்கி நிறுத்திய அதே ரெயில்வே, ராமேசுவரத்துக்குக் கிழக்கே போன பாதையைத் திரும்பப் போடவில்லை. மனித வாசத்துக்கு லாயக்கில்லாத இடம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. கப்பலையும் ராமேசுவரத்துக்கே மாற்றிவிட்டார்கள். 1980-களில் இலங்கையில் சண்டை மூளும்வரை அந்தக் கப்பல் ராமேசுவரத்தில் இருந்தே ஓடியது. தனுஷ்கோடி ஸ்டேசன் இல்லாமலேயே இலங்கைப் பயணம் சுமார் இருபது வருடம் நடந்திருக்கிறது!

இன்று யார் போகப் போகிறார்கள்?

தனுஷ்கோடி ஸ்டேசனில் இறங்கி வேலைக்குப் போகப்போகிறவர் யார்? பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளை யார்? சரக்கு ஏற்றப்போகிற வியாபாரி யார்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போகப்போகிறவர்கள் யாத்ரீகர்களும், சுற்றிப்பார்க்க வருகிறவர்களும்தான். அவர்களுக்கு 2017 ஜூலையிலேயே ரோடு வந்துவிட்டது. முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. பஸ் போகிறது, கார் போகிறது, வேன் போகிறது. சேதுவில் கடல் நீராடப் போகும் வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. முன்பு மணலில் ஜீப்பில் குலுங்கிப் போன கஷ்டம் தீர்ந்தது.

ஆனால் அந்த ரோடு ஒரு பாடமும் சொல்லியிருக்கிறது. லீவு நாளில் அங்கே போய்ப் பாருங்கள். வண்டி மேல் வண்டி. பிளாஸ்டிக் பாட்டில் மேல் பாட்டில். இருபுறமும் கடல், நடுவே ஒரு நாடா அகலத்துக்கு மணல். அந்த மணலுக்கும் தாங்குகிற அளவு என்று ஒன்று உண்டு அல்லவா? ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ரெயில் கரையும் எழுப்பினால் காற்று கொண்டுவரும் மணல் எங்கே போகும், அலை எந்தப் பக்கம் அரிக்கும்? இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் கல் நாட்டியிருக்க வேண்டும்.

மணலில் இருக்கும் குடும்பங்கள்

"யாரும் இல்லாத இடம்தானே?" என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். தப்பு. புயலுக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசை போட்டு இருக்கிறார்கள். மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பார்கள். கரைவலை இழுப்பார்கள். வாசாத தீவு என்று சர்க்கார் எழுதி வைத்த இடத்தில் வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்.

கரைவலைக்கு மடியும் கயிறும் மட்டும் போதாது. இழுக்கிறதற்குக் கரை வேண்டும். கருவாடு காயவைக்க இடம் வேண்டும். பாதை, வேலி, ஸ்டேசன் என்று அந்த மணலில் கோடு கிழித்தால் முதலில் போவது இவர்கள் இடம்தான். பட்டா இருக்கிறவனுக்கு நஷ்டஈடு கிடைக்கும். பட்டா இல்லாதவனுக்கு?

இன்னொரு குடித்தனமும் அங்கே உண்டு. குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் பூநாரைகள். 2025 ஜூன் 5-ந் தேதி, உலக சுற்றுச்சூழல் நாளன்று, தனுஷ்கோடியில் சுமார் 524 எக்டேர் பரப்பைப் பூநாரைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே கடல் தேசிய பூங்கா ஆகிவிட்டன. ஒரு கையால் சரணாலயம் அறிவித்து, மறு கையால் கல் ஜல்லி கொட்ட முடியாது.

கப்பல் வந்தால்?

ஒரு நியாயமான கேள்வி பாக்கி இருக்கிறது. அக்கரையில் தலைமன்னார் துறை வரைக்கும் 2015-ல் ரெயில் திரும்ப வந்துவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பலும் தொடங்கியது. ராமேசுவரம்-தலைமன்னார் கப்பல் பேச்சும் நடக்கிறது. அப்போது தனுஷ்கோடி பாதை வேண்டாமா?

கப்பல் வரட்டும், மாலை போட்டு வரவேற்போம். ஆனால் 1964-க்குப் பிறகு நடந்ததுபோல ராமேசுவரத்தில் இருந்தே விடலாமே! சில கி.மீ. கடல் தூரம் கூடும், அவ்வளவுதான். அதற்காக புயல் வாயில் ரூ.208 கோடியைக் கொண்டுபோய் வைக்க வேண்டுமா? அதுவும் பழைய கணக்கு. இன்று போட்டால் எத்தனை ஆகுமோ!

அடிக்கல்லோடு நின்ற திட்டம் நமக்குப் புதுசு இல்லை. 2005 ஜூலை 2-ந் தேதி மதுரையில் சேதுசமுத்திரத் திட்டத்துக்கு விழா எடுத்தார்கள். கோடி கோடியாக மண்ணை வாரினார்கள். கோர்ட்டு, வழக்கு என்று போய் நின்றது. கப்பல் ஒன்றும் போகவில்லை. வாரிய மண் மட்டும் திரும்ப மூடிக்கொண்டது.

வேகம், வேகம் என்கிறார்கள்!

இப்போது எங்கே பார்த்தாலும் வேக ரெயில் பேச்சு. மும்பை-ஆமதாபாத் புல்லட் ரெயிலுக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 508 கி.மீ. தூரம், மணிக்கு 320 கி.மீ. வேகம், சுமார் ரூ.1 லட்சத்து 8 ஆயிரம் கோடி மதிப்பீடு. பால்கர் மாவட்டத்து விவசாயிகள் நிலம் தர மறுத்துப் போராடினார்கள். சொன்ன வருடம் தள்ளிப்போனது. இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் என்று வேக ரெயிலுக்குத் திட்டம் போட்டார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது. 2023 அக்டோபரில் மான்செஸ்டர் பாதையையே பிரதமர் ரிஷி சுனக் கைவிட்டார். பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி.

நம் பக்கத்துக்கு எது வேகம்? அதற்கும் பாம்பனே பதில் சொல்லும். பழைய பாலத்தில் ரெயில் 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறந்தது. 2.08 கி.மீ. நீளம். நடுவே 72.5 மீட்டர் துண்டு அப்படியே மேலே தூக்கிக் கப்பலுக்கு வழிவிடும். ரூ.550 கோடிக்கு மேல் செலவு. தூக்கும் பகுதியில் 50, மற்ற இடத்தில் 75 கி.மீ. வேகத்தில் போகலாம் என்று பாதுகாப்பு ஆணையர் அனுமதி கொடுத்தார். இது ஜனங்களுக்குக் கிடைத்த வேகம். இதை மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் இதற்கு இந்தத் தீவு கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பர் 23-ந் தேதி பழைய பாலத்தில் ரெயில் நின்றது. இரண்டேகால் வருடத்துக்கு மேல் மண்டபத்தோடு சரி. மூட்டையும் முடிச்சுமாக இறங்கி, பஸ் பிடித்து, ரோட்டுப் பாலம் தாண்டி வந்தார்கள் ஜனங்கள். ஒரு பாலம் தாமதமானால் என்ன ஆகும் என்பது லாட்ஜுக்காரருக்கும் தெரியும், பூக்கடைக்காரருக்கும் தெரியும், சம்பளத்துக்குப் போய்வரும் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

பாலம் புதுசு. ஆனால் மதுரையில் இருந்து வரும் பாதை இன்னும் ஒத்தை லைன்தான். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். மானாமதுரையிலும் பரமக்குடியிலும் காத்துக் கிடக்கிற பயணிக்குப் புல்லட் ரெயில் வேண்டாம். வண்டி நேரத்துக்கு வந்தால் போதும்!

பாதை வேண்டிய இடம் எது?

ராமநாதபுரத்தில் இருந்து தெற்கே பாருங்கள். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. அப்படியே போனால் தூத்துக்குடி. வடக்கே பாருங்கள். தேவிபட்டினம், தொண்டி. அப்படியே போனால் காரைக்குடி. இந்தக் கிழக்குக் கடற்கரை ஊர்களுக்கு ரெயில் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சர்வே நடந்தது. மறு சர்வே நடந்தது. ரெயில் மட்டும் வரவில்லை. "வருமானம் வராது" என்பது இப்படிப்பட்ட பாதைகளுக்கு வழக்கமாக வரும் பதில்.

நல்லது. தனுஷ்கோடி மணலில் என்ன வருமானம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள்?

ஏர்வாடி தர்காவுக்கு வரும் கூட்டம் கொஞ்சமா? கீழக்கரையில் வியாபாரம் கொஞ்சமா? சாயல்குடி பனைவெல்லமும், ராமநாதபுரம் முண்டு மிளகாயும் லாரியை நம்பித்தானே இருக்கின்றன? இந்த முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேருக்குக் குறியீடு இருந்தால் போதுமா, போய்ச்சேர வண்டி வேண்டாமா?

இந்தப் பாதைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. இது கண்மாய்ச் சீமை. மழை பெய்யும் சில நாளில் ஓடிவரும் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் நெல்லும் மிளகாயும் விளைகின்றன. ரெயில் கரை எழுப்பி ஒரு வரத்துக்காலை அடைத்தால் கீழே உள்ள கண்மாய் காயும், மேலே உள்ள ஊர் முழுகும். அதனால் வரைபடம் போடும்போதே அந்தந்த ஊர் விவசாயியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவனைவிடத் தெரிந்த என்ஜினீயர் யார்?

மூன்று காரியம்

ஒன்று: தனுஷ்கோடி பாதை கைவிடப்பட்டது என்றால் மத்திய அரசும் மாநில அரசும் காரணத்தோடு எழுத்தில் சொல்லட்டும். அந்த மணலில் இருக்கும் மீனவர்களுக்கு "இனி உங்களைக் கிளப்ப மாட்டோம்" என்று உறுதி கொடுக்கட்டும்.

இரண்டு: மதுரை-ராமேசுவரம் பாதையை இரட்டை லைன் ஆக்கட்டும். காலையும் மாலையும் வேலைக்குப் போய்வர பாசஞ்சர் ரெயில் கூடுதலாக விடட்டும்.

மூன்று: கடற்கரைப் பாதைக்கு முதலில் ராமநாதபுரம்-கீழக்கரை-ஏர்வாடி-சாயல்குடி வரைக்குமாவது பணம் ஒதுக்கட்டும்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் பழைய ஸ்டேசன் சுவரை இன்றும் பார்க்கலாம். கடல் ஒரு தரம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பீல் போட வேண்டாம். அந்தத் தண்டவாளத்தைச் சாயல்குடிக்குக் கொண்டுபோங்கள். அங்கே டிக்கெட் வாங்க ஆள் நிற்கிறது!